கதை மிஞ்சிய கடவுளர்

(பண்டைக் கிரேக்கரின் சமயம் குறித்து வாடிப்பட்டியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிரேக்கக் கடவுளரைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்ட அன்று என் மனசுக்குள் முதலில் வந்து நின்றது ஓர் ஆடு. அந்த ஆட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

கிரேக்க நாட்டில் பர்னாசஸ் மலைச்சரிவில் டெல்ஃபி என்று ஓர் ஊர். அங்கே அப்பல்லோ சாமிக்குக் கோயில். அந்தக் கோயிலில் பித்தியா என்று அழைக்கப்பட்ட பெண் சாமி வந்து குறி சொல்வாள். போருக்குப் போகும் அரசனும் கேட்பான், பிள்ளையில்லாத குடியானவனும் கேட்பான். குறி கேட்கும் முன்னால் ஓர் ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன்மேல் குளிர்ந்த தண்ணீரைத் தெளிப்பார்கள். ஆடு தலைமுதல் குளம்புவரை நடுங்கிச் சிலிர்க்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டினால் போதாது. உடம்பு முழுக்கச் சிலிர்த்தால் சாமி உத்தரவு தந்துவிட்டது என்று பொருள். சிலிர்க்காவிட்டால் அன்றைக்குக் குறி இல்லை.

இதை எழுதிவைத்தவர் புளூட்டார்க். சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் அதே டெல்ஃபி கோயிலில் பூசாரியாக இருந்தவர். அவர் ஒரு துயரத்தையும் சொல்கிறார். வெளிநாட்டிலிருந்து குறி கேட்க வந்தவர்களை மனங்கோணாமல் அனுப்ப வேண்டும் என்பதற்காக, சிலிர்க்காத ஆட்டின்மேல் தண்ணீரை ஊற்று ஊற்றென்று ஊற்றி நடுங்க வைத்துவிட்டார்கள். மனசில்லாமல் உள்ளே இறங்கிய பித்தியாவின் குரல் முதல் சொல்லிலேயே கரகரத்தது. அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்து விழுந்தாள். சில நாளில் இறந்துபோனாள்.

இந்தப் பகுதியைப் படிக்கிற ஐரோப்பிய மாணவருக்கு நீண்ட விளக்கம் வேண்டியிருக்கும். இந்த மண்ணில் பிறந்தவருக்கு என்ன விளக்கம் வேண்டும்? கருப்பசாமி கோயில் வாசலில் கிடா நிற்கிறது. மஞ்சத்தண்ணி தெளித்தாயிற்று. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. "துலுக்கிருச்சா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் நாம். உத்தரவு வராமல் கத்தியை எடுக்கக் கூடாது என்பது நமக்குப் புத்தகத்தில் படித்த செய்தியல்ல.

நான் சொல்ல வந்தது இதுதான். கிரேக்கக் கடவுளரை உலகம் கதைகளாக மட்டுமே தெரிந்து வைத்திருக்கிறது. அந்தக் கதைகளுக்குப் பின்னால் ஒரு சமயம் இருந்தது. படையல், பலி, குலவை, மேளம், நேர்த்திக்கடன், பங்கு என்று ஊர் கூடிச் செய்த சமயம். செய்வது நின்றபோது சமயம் போயிற்று, கதை மட்டும் மிஞ்சியது. அது எப்படி நடந்தது என்பதை நாம் கவனமாகப் பார்க்க வேண்டும்.

வேதமில்லாத சமயம்

கிரேக்கருக்கு வேதநூல் கிடையாது. சமயத்தை நிறுவியவர் என்று ஒருவரும் இல்லை. ஹோமரின் காவியங்களும் ஹெசியோடின் பாட்டும் கடவுளரின் பிறப்பையும் உறவையும் சொல்லின. ஆனால் கோயிலில் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தந்த ஊர் வழக்கம்தான் சொன்னது. வானமும் மழையும் ஜீயஸுக்கு, கடல் பொசைடனுக்கு, கல்யாணம் ஹேராவுக்கு, விளைச்சல் டெமீட்டருக்கு, வேட்டையும் காடும் ஆர்ட்டெமிஸுக்கு, திராட்சை மது டயோனிசஸுக்கு, கொல்லுப்பட்டறை ஹெஃபைஸ்டஸுக்கு, காதல் அஃப்ரடைட்டிக்கு என்று பள்ளிப் பாடத்தில் ஒரு பட்டியல் வரும். பட்டியல் தவறில்லை. ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்தால், நம் ஊர்ச் சாமிகளைப் பற்றி "கருப்பசாமி காவல் தெய்வம்" என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போவது மாதிரி ஆகிவிடும்.

அழகர்கோயில் வாசலில் இருப்பவர் பதினெட்டாம்படிக் கருப்பு. வேறோர் ஊரில் சங்கிலிக்கருப்பு, இன்னோர் ஊரில் சோணைக்கருப்பு. ஒரே சாமியா, வேறு வேறு சாமியா என்று கேட்டால் பூசாரி சிரிப்பார். இரண்டும்தான். கிரேக்கத்திலும் அப்படித்தான். ஜீயஸ் ஒருவர்தான். ஆனால் வீட்டு முற்றத்துக்கு ஒரு ஜீயஸ், பெயர் ஹெர்க்கியோஸ். தானியமும் பொருளும் வைக்கும் உள்ளறைக்கு ஒரு ஜீயஸ், பெயர் க்டேசியோஸ். இந்த உள்ளறை ஜீயஸுக்குச் சிலை கிடையாது, ஒரு சாடிதான். அதன் காதுகளில் வெள்ளைக் கம்பளி நூல் சுற்றி, உள்ளே நல்ல தண்ணீரும் எண்ணெயும் பலவகைக் கனிகளும் இட்டு வைப்பார்கள். நிறைகுடத்துக்கு நூல் சுற்றி வைக்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை நான் வரைந்து காட்ட வேண்டாம். மீலிக்கியோஸ் என்ற பெயரில் இன்னொரு ஜீயஸ். அவரைக் கல்லில் பெரிய பாம்பாகவே செதுக்கிக் கும்பிட்டிருக்கிறார்கள்.

ஏதென்ஸ் நகரத்தில் ஆர்க்கோன் என்ற பெரும்பதவிக்கு வருபவரிடம் பதவி ஏற்குமுன் சில கேள்விகள் கேட்பார்கள். அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் ஆட்சிமுறை பற்றிய நூல் அந்தக் கேள்விகளை வரிசையாகச் சொல்கிறது. உன் தகப்பனார் யார்? எந்த ஊர்? தாய் யார், தாயின் தகப்பனார் யார்? உனக்கு முன்னோர் வழி அப்பல்லோவும் முற்றத்து ஜீயஸும் உண்டா? அந்தக் கோயில்கள் எங்கே இருக்கின்றன? உன் குடும்பக் கல்லறைகள் எங்கே? தாய் தகப்பனை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாயா? வரி கட்டுகிறாயா?

இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நம் பக்கம் பெண் பார்க்கப் போகிற வீட்டில், காப்பி வருவதற்கு முன்னால் வருகிற கேள்வி என்ன? "ஒங்க கொலசாமி எது? கோயில் எங்கிட்டு இருக்கு?" ஒரு மனிதனை இன்னார் என்று அடையாளம் காண, அவன் எந்த வாசலில் வணங்குகிறான் என்று கேட்பது. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே கேள்வி.

யவனரும் பாண்டிநாடும்

இந்த இரண்டு உலகங்களும் ஒன்றையொன்று அறியாமல் இருந்தவை அல்ல. கி.மு. 300ஐ ஒட்டிப் பாடலிபுத்திரத்துக்குத் தூதராக வந்த கிரேக்கர் மெகஸ்தனிஸ் இந்தியாவைப் பற்றி நூல் எழுதினார். அது இப்போது இல்லை. அதைப் படித்த அர்ரியன் போன்றவர்கள் எடுத்தாண்ட பகுதிகள் இருக்கின்றன. அவற்றில் கிரேக்கரின் மாவீரன் ஹெரக்லிஸுக்கு இந்தியாவில் பாண்டையா என்று ஒரே ஒரு மகள் பிறந்தாள் என்றும், அவள் ஆண்ட நாட்டுக்கு அவள் பெயரே வந்தது என்றும் சொல்லப்படுகிறது. தகப்பன் அவளுக்கு 500 யானைகளும் 4,000 குதிரைப் படையும் 1,30,000 காலாட்படையும் கொடுத்தான். மகளை அலங்கரிக்கக் கடலிலிருந்து முத்து எடுத்து வந்தான். முத்து, பெண்ணரசி, பாண்டையா என்ற பெயர். இது பாண்டிநாடு என்றே அறிஞர் பலர் கொள்கிறார்கள். மீனாட்சி பட்டாபிஷேகக் கதைக்கும் இதற்கும் நேர்த்தொடர்பு உண்டு என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நாம் அறிந்த வடிவிலான திருவிளையாடல் கதைகள் பல நூற்றாண்டு பிற்பட்டவை. ஆனால் மதுரைக்காரர் எவரும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சும்மா கடந்து போக முடியாது.

பிறகு, யவனர் என்று நம்மவர் அழைத்த அந்த மேலைநாட்டாரே இங்கே வந்தார்கள். பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் கொண்டுவந்த மதுவை அவன் பொற்கலத்தில் அருந்துவதைப் புறநானூற்றில் பாடினார். மதுரைக் கோட்டை வாயிலில் வாளோடு காவல் நின்ற யவனரைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. நம் சோழவந்தானைத் தொட்டு ஓடும் வைகை கடலை நெருங்கும் இடத்தில் இருக்கிற அழகன்குளத்தில் ரோமக் காசுகளும் மேலைநாட்டுப் பானையோடுகளும் கிடைத்திருக்கின்றன. எதிர்க்கரையில், எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில், செரப்பிஸ் தெய்வத்தின் கோயிலில் ஓர் இந்தியச் சாடிக்குள் சுமார் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. அதே ஊரில் கொற்றன் என்ற தமிழ்ப் பெயர் எழுதிய பானையோடும் கிடைத்தது.

வணிகத்தோடு வணக்கமும் பயணம் போயிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் விதிஷா அருகில் பெஸ்நகரில் ஒரு கருடத்தூண் நிற்கிறது. தட்சசீலத்திலிருந்து வந்த கிரேக்கத் தூதர் ஹெலியோடோரஸ், கி.மு. 110ஐ ஒட்டி வாசுதேவனுக்காக நிறுத்தியது. எகிப்தின் பாலைவனப் பாதையில் எல்-கனாயிஸ் என்ற இடத்தில், வழித்துணையாக நின்ற பான் தெய்வத்துக்குச் சோபோன் என்ற இந்தியன் நன்றி சொல்லிக் கல்லில் எழுதி வைத்திருக்கிறான். போன ஊரில் அந்த ஊர்ச் சாமியைக் கும்பிடுவது அன்று யாருக்கும் தன் சாமியை விட்டுவிடுவதாகத் தோன்றவில்லை.

பலியும் பங்கும்

கிரேக்கச் சமயத்தின் நடுவில் இருந்தது பலி. அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

ஆட்டையோ மாட்டையோ மாலை போட்டு ஊர்வலமாக அழைத்து வருவார்கள். முன்னால் ஒரு பெண்பிள்ளை கூடை சுமந்து வருவாள். கூடையில் பார்லி தானியம், அதற்குள் மறைத்து வைத்த கத்தி. கூடவே இரட்டைக் குழல் ஊதுகிறவர் வருவார். பலிபீடத்தைச் சுற்றி நிற்பவர்கள் கையைக் கழுவிக்கொண்டு தானியத்தைத் தூவுவார்கள். விலங்கின் நெற்றி மயிரைக் கத்தரித்து நெருப்பில் போடுவார்கள். கத்தி இறங்குகிற அந்தக் கணத்தில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து நாவைச் சுழற்றி உரக்க ஒலி எழுப்புவார்கள். அதற்குக் கிரேக்கர் வைத்த பெயர் ஓலோலுகே. சத்தத்திலிருந்தே பிறந்த பெயர். நம் பெண்கள் போடும் குலவைக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? நல்லது நடக்கும்போதும், சாமி இறங்கும்போதும், உயிர் பிரியும் அந்தக் கனமான நொடியிலும் பெண்களின் குரல்தான் அந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்று இரண்டு இடத்திலும் தோன்றியிருக்கிறது.

அப்புறம் பங்கு. தொடை எலும்பைக் கொழுப்பில் சுற்றிச் சாமிக்காக எரிப்பார்கள். ஈரல், இதயம், குண்டிக்காய் இவற்றைக் கம்பியில் குத்திச் சுட்டு, பீடத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் முதலில் உண்பார்கள். மற்றக் கறியை அவித்து ஊருக்குப் பங்கு வைப்பார்கள். தோல் பல இடங்களில் பூசாரிக்கு. சாமிக்கு எலும்பும் மனிதருக்குக் கறியும் வந்தது எப்படி என்பதற்கு ஹெசியோட் ஒரு கதை சொல்கிறார். மனிதர் பக்கம் நின்ற பிரமித்தியூஸ் ஒரு காளையைப் பங்கிட்டான். எலும்பைப் பளபளக்கும் கொழுப்பால் மூடி ஒரு பக்கம் வைத்தான், நல்ல கறியை இரைப்பைக்குள் மறைத்து மறுபக்கம் வைத்தான். ஜீயஸ் கொழுப்பைத் தேர்ந்தார். மனிதரும் கடவுளரும் பிரிந்த கதையே ஒரு பங்கு வைத்த கதைதான்.

ஏதென்ஸைச் சேர்ந்த எர்க்கியா என்ற கிராமத்தில் கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அது அந்த ஊரின் ஓர் ஆண்டுப் பலிக் கணக்கு. எந்த மாதம், எந்தத் தேதி, எந்தச் சாமிக்கு, எந்த இடத்தில், என்ன ஆடு, என்ன விலை. ஆட்டுக்கிடா 12 திராக்மா, பன்றிக்குட்டி 3 திராக்மா. சில வரிகளுக்குப் பின்னால் சின்னதாக ஒரு குறிப்பு: எடுத்துச் செல்லக் கூடாது. அதாவது கறியை அங்கேயே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

திருமங்கலம் பக்கம் அனுப்பப்பட்டியில் கரும்பாறை முத்தையா கோயிலில் ஆண்கள் மட்டும் உண்கிற கறி விருந்து நடக்கிறது. அங்கே உண்ட இலையைக்கூட எடுப்பதில்லை. வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலில் விடிய விடியப் பிரியாணி சமைத்துச் சாமிக்குப் படைத்து ஊர் ஊராக வருகிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். எங்கே உண்ணலாம், யார் உண்ணலாம், என்ன மிஞ்சலாம் என்பதெல்லாம் சாமியோடு ஊர் போட்ட ஒப்பந்தம். எர்க்கியாவின் கல்லும் அதே ஒப்பந்தம்தான்.

இந்த ஊரில் நின்றுகொண்டு மேளத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் குற்றமாகிவிடும். வாடிப்பட்டி மேளம் என்றால் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். தப்பு அதிராமல் சாமி இறங்காது என்பது நம் அனுபவம். டயோனிசஸின் பெண்கள் மலையேறி ஆடும்போது கையில் ஏந்தியது தும்பனான் என்ற தோல் கட்டிய வளைய முழவு. குவளைகளில் வரைந்த ஓவியங்களில் தலை பின்னால் சாய்ந்து, கூந்தல் அவிழ்ந்து, கால் தரையில் நில்லாமல் அவர்கள் ஆடுவதைப் பார்க்கலாம். நம் ஊர்ச் சாமியாட்டத்தைப் பார்த்த கண்ணுக்கு அது கற்பனை ஓவியமாகத் தெரியாது.

முளைப்பாரி

சின்ன வயதில் என் பாட்டி முளைப்பாரி போடுவதை இருட்டறைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன். சட்டியில் வைக்கோலும் எருவும் இட்டு, ஊறவைத்த தானியத்தைத் தூவி, வெளிச்சம் படாமல் வைப்பார்கள். விரதம் இருப்பார்கள். இரவெல்லாம் கும்மி. வெளிறிய மஞ்சள் நிறத்தில் முளை எழும்பும். முளை எப்படி வந்திருக்கிறதோ அப்படித்தான் அந்த வருஷ வெள்ளாமை என்பார்கள். கடைசி நாள் தலையில் சுமந்துபோய்க் கண்மாயில் கரைத்துவிடுவார்கள்.

ஏதென்ஸ் நகரத்துப் பெண்கள் அடோனிஸ் என்ற இளந்தெய்வத்துக்காக இதைப் போன்ற ஒன்றைச் செய்தார்கள். உடைந்த பானைகளில் கோதுமை, பார்லி, சோம்பு, கீரை விதைகளைத் தூவி, ஏணி வைத்து ஏறிக் கூரைமேல் வைப்பார்கள். சில நாளில் முளைத்து, வெயிலில் வாடிவிடும். அடோனிஸ் இளமையில் இறந்ததற்காக மாரடித்து அழுதுவிட்டு, அந்தப் பானைகளைக் கடலிலோ ஊற்றிலோ விடுவார்கள்.

ஒற்றுமை இவ்வளவு. வேற்றுமை இன்னும் முக்கியம். அவர்களுடையது இறப்புக்கு அழும் சடங்கு, நம்முடையது மழைக்கும் விளைச்சலுக்கும் வேண்டும் சடங்கு. அடோனிஸ் தோட்டம் என்றால் வேர் பிடிக்காத காரியம் என்று கிரேக்கத்தில் பழமொழி போல வழங்கியது. பிளேட்டோவும் அந்தப் பொருளில்தான் சொல்கிறார். ஆண்கள் எழுதிவைத்தது அவ்வளவுதான். கூரைமேல் ஏறிய பெண்கள் என்ன பாடினார்கள், விதையை எத்தனை நாள் வைத்திருந்தார்கள், அம்மா மகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தாள் என்பதை எழுதிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த இழப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் பாட்டியின் இருட்டறை நினைவுக்கு வருகிறது.

எல்லையும் நேர்த்தியும்

கிரேக்கத் தெருக்களிலும் வீட்டு வாசல்களிலும் ஊர் எல்லைகளிலும் ஹெர்மெஸ் சாமியின் கல் நின்றது. நாற்பட்டைத் தூண், உச்சியில் தாடி வைத்த முகம். வழிப்போக்கருக்கும் வணிகருக்கும் துணை. கி.மு. 415இல் ஏதென்ஸின் கப்பற்படை சிசிலித் தீவுக்குப் புறப்படும் தறுவாயில், ஓர் இரவில் நகரம் முழுக்க இருந்த இந்தக் கற்களின் முகங்களை யாரோ சிதைத்துவிட்டார்கள். நகரமே நடுங்கிப்போனது. எல்லைச் சாமியின் அரிவாளைப் பிடுங்கிப் போட்டால் நம் ஊர் எப்படித் தவிக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மூன்று பாதை கூடும் இடம் ஹெகாட்டே என்ற பெண் தெய்வத்துக்கு உரியது. மாதம் முடிகிற இரவில் அங்கே உணவு வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வருவார்கள். நம் முச்சந்திக்கும் அந்தச் சந்திக்கும் ஒரே அச்சம்.

நோய் தீர்க்கும் சாமி அஸ்க்லீப்பியஸ். எபிடாரஸ் என்ற ஊரில் அவருக்குப் பெரிய கோயில். நோயாளிகள் அங்கே இரவு படுத்துறங்குவார்கள், கனவில் சாமி வந்து மருந்து சொல்வார். குணமானவர்களின் கதைகளைக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். கொரிந்த் நகரத்துக் கோயிலில் தோண்டியபோது மண்ணால் செய்த கை, கால், மார்பு, காது என்று ஏராளமான காணிக்கைகள் கிடைத்தன. அம்மன் கோயிலில் கண்மலர் சாத்துகிறவர்களுக்கும், மண்ணால் கைகால் செய்து வைக்கிறவர்களுக்கும், இதே வாடிப்பட்டி ஆரோக்கிய அன்னையிடம் பிள்ளையின் உடம்புக்காக மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களுக்கும் அந்தக் களிமண் கைகளின் பொருள் தெரியும். நோய் வந்தால் மனிதன் சாமியிடம் கொண்டுபோவது தத்துவம் அல்ல, வலிக்கிற உறுப்பைத்தான்.

இறந்த வீரர்களையும் கிரேக்கர் கும்பிட்டார்கள். அவர்களுக்குரிய பலி தனி. இரத்தம் மண்ணுக்குள் போக வேண்டும். வைகைக் கரையில், தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. ஆநிரைப் பூசலில் மடிந்தவனுக்கு நட்ட கல் அவற்றில் ஒன்று. மதுரைவீரனும் பட்டவன்களும் அந்த மரபின் பிள்ளைகள். விளையாட்டும் சாமியோடு சேர்ந்ததுதான். ஒலிம்பியாப் போட்டி ஜீயஸுக்கு நடந்த விழா. நடுவில் ஒருநாள் நூறு மாடுகளைப் பலியிடுவார்கள். அலங்காநல்லூர் வாடிவாசலில் முதலில் வரும் கோயில் காளையை யாரும் அணைவதில்லை. அதைக் கும்பிட்டு அனுப்பிவிட்டுத்தான் ஆட்டம் தொடங்குகிறது.

உள்ளிருந்து எழுந்த கேள்விகள்

இவ்வளவும் கேட்டபின் ஒரு நேர்மையான கேள்வி எழ வேண்டும். உயிரைக் கொல்வது சரியா? அந்தக் கேள்வியைக் கிரேக்கர்களே கேட்டார்கள். பித்தாகரஸ் வழிவந்தவர்கள் கேட்டார்கள். எம்பெடோக்ளிஸ் பலிபீடத்து இரத்தத்தைக் கண்டித்தார். போர்ஃபிரி புலால் மறுப்புக்காகத் தனி நூலே எழுதினார். நமக்கும் வள்ளுவர் உண்டு, வள்ளலார் உண்டு. தன் சாமிக்குச் சர்க்கரைப் பொங்கலே போதும் என்று ஒரு குடும்பம் முடிவு செய்தால் அது அந்த மரபுக்குள் நிகழும் வளர்ச்சி. அதை நான் வணங்குகிறேன்.

இன்னொரு கேள்வி பங்கைப் பற்றியது. ஏதென்ஸில் எல்லோருக்கும் சமபங்கு என்று பெருமையாகச் சொன்னார்கள். அந்த எல்லோரில் அடிமைகள் இல்லை, பெண்கள் பல இடங்களில் இல்லை. நம் ஊர்களில் மேளம் அடித்துச் சாமியை இறக்கியவர் வாசலுக்கு வெளியே நின்ற காலம் உண்டு. சில இடங்களில் இன்றும் உண்டு. சாமியை அழைக்கத் தெரிந்த கைக்கு, சாமி முன்னால் உட்கார்ந்து உண்ண இடமில்லை என்றால் அந்தப் படையல் முழுமையானதல்ல. பழையதை மதிப்பது என்றால் அதிலுள்ள அநியாயத்தையும் சேர்த்துக் காப்பது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அடங்கிய நெருப்பு

இப்போது முடிவுக்கு வருகிறேன். கி.பி. நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர்கள் கிறித்தவரானார்கள். 391 பிப்ரவரியில் பேரரசர் தியோடோசியஸ், தன் உடன் அரசர்களான இரண்டாம் வாலென்டினியன், ஆர்க்கேடியஸ் ஆகியோர் பெயரையும் சேர்த்து, பலியிடுவதையும் கோயிலுக்குள் நுழைவதையும் தடை செய்தார். அடுத்த ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் வந்த ஆணை இன்னும் நுணுக்கமானது. வீட்டுக்குள் தெய்வத்துக்கு விளக்கேற்றக் கூடாது. சாம்பிராணி போடக் கூடாது. மாலை சாத்தக் கூடாது. மரத்தில் துணி கட்டக் கூடாது. ஒரு சமயத்தை ஒழிக்க விரும்பியவனுக்கு அது எங்கே உயிரோடு இருக்கிறது என்று சரியாகத் தெரிந்திருக்கிறது. ஹோமரை யாரும் எரிக்கவில்லை. பள்ளியில் தொடர்ந்து படித்தார்கள். விளக்கையும் சாம்பிராணியையும் மரத்தில் கட்டிய துணியையும்தான் தடுத்தார்கள்.

எல்லாம் ஒரே நாளில் அடங்கவில்லை. சில இடங்களில் சடங்கு பெயரை மாற்றிக்கொண்டு நின்றது. வட கிரேக்கக் கிராமங்களில் புனிதர் திருநாளன்று ஆடு வெட்டி, பாதிரியார் மந்திரித்து, ஊருக்கே சமைத்துப் பங்கிடும் குர்பானி வழக்கம் நம் காலம் வரை வந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நாம் அங்கே போக வேண்டியதில்லை. திண்டுக்கல் முத்தழகுபட்டி புனித செபஸ்தியார் திருவிழாவில் நேர்ச்சையாக வந்த ஆடுகளையும் கோழிகளையும் சமைத்து எல்லா மதத்தாருக்கும் அசனம் போடுகிறார்களே, அதைப் பார்த்தால் போதும்.

ஆனால் பழைய பெயர்கள் போயின. ஏதென்ஸின் பார்த்தினன் கோயில் தேவாலயம் ஆயிற்று, பின்னர் பள்ளிவாசல் ஆயிற்று, இன்று சுற்றுலாத் தலம். அந்த நகரத்தின் தெய்வமான அதீனாவுக்கு ஆண்டுதோறும் சேலை போல ஒரு துணி நெய்து ஊர்வலமாகக் கொண்டுபோன பெண்களின் நெசவுப் பாட்டு ஒன்றுகூட நமக்குத் தெரியாது. அழகன்குளத்தில் கிடைத்த ரோமக் காசுகளில் இரண்டாம் வாலென்டினியனின் காசு ஒன்று உண்டு. முன்பக்கம் அந்த அரசனின் தலை, மறுபக்கம் வெற்றித் தெய்வம். கிரேக்கர் நீக்கே என்று கும்பிட்ட அதே தெய்வம். பலியும் விளக்கும் தடையான தலைமுறையின் காசில், கும்பிட ஆளில்லாமல் போகப்போகிற தெய்வம் ஒரு படமாக நம் வைகையின் கழிமுகம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. இன்று அவள் பெயர் உலகம் முழுக்கத் தெரியும், காலணியின் பெயராக.

நம் கதைக்கு வருவோம். இங்கே விலங்கு, பறவைப் பலியைத் தடை செய்யும் சட்டம் 1950இல் வந்தது. பெரும்பாலும் ஏட்டிலேயே இருந்த அதை 2003 ஆகஸ்டில் அரசு கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொன்னது. கிராமங்கள் கொதித்தன. 2004இல் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டது. தியோடோசியஸின் ஆணையும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நோக்கம் வேறு, காலம் வேறு, இங்கே மக்கள் குரலுக்கு அரசு செவிகொடுத்தது. ஆனாலும் அந்த ஆறேழு மாதத்தில் நாம் ஒன்றை உணர்ந்தோம். படையல் நின்றால் சாமி என்ன ஆகும் என்ற கேள்வி நம் வாசலுக்கும் வந்துவிட்டுப் போயிருக்கிறது.

இன்று அந்தக் கேள்வி ஆணையாக வராது. மெதுவாக வரும். பிள்ளைகள் சென்னைக்கும் துபாய்க்கும் போகிறார்கள். முளைப்பாரி போடத் தெரிந்த கடைசிப் பாட்டி கண் மூடுகிறாள். வர்ணிப்புப் பாடுகிற ஒருவருக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. சாமியின் கதை கைப்பேசியில் இருக்கும். எத்தனையாவது நாள் எந்தத் தானியம் ஊறப்போட வேண்டும் என்பது இருக்காது.

அதனால்தான் எர்க்கியாவின் அந்தக் கல்லை இங்கே தூக்கிவந்தேன். பெரிய கவிஞர் எழுதியதல்ல அது. ஒரு சின்ன ஊர், தன் கணக்குக்காக வெட்டி வைத்தது. கிரேக்கக் கடவுளரை மக்கள் உண்மையில் எப்படிக் கும்பிட்டார்கள் என்று நாம் ஓரளவாவது சொல்ல முடிகிறது என்றால், அது போன்ற கற்களால்தான். சிறுமலை அடிவாரத்திலிருந்து வைகைக் கரை வரை இந்தப் பக்கத்து ஒவ்வோர் ஊருக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும்.

இங்கே வந்திருக்கும் தம்பி தங்கைகளிடம் கேட்கிறேன். இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டை எடுங்கள். பாட்டியையோ, அப்பத்தாவையோ, பூசாரித் தாத்தாவையோ உட்காரவைத்துக் கேளுங்கள். முதல் வரியில் உங்கள் குலசாமியின் பெயரும் ஊரும். அடுத்து, எந்த மாதம், எந்தக் கிழமை. சாமிப் பெட்டி யார் தூக்குவது, மேளம் யார் அடிப்பது, குலவை எப்போது. கடைசி வரியை மறக்காமல் எழுதுங்கள். பங்கு யார் யாருக்கு. அந்த வரியில் யாருடைய பெயராவது விடுபட்டிருந்தால், அடுத்த திருவிழாவுக்குள் அதைச் சேர்த்துவிடுங்கள்.